கல்லீரல் புற்றுநோய்: ஒரே கட்டி, வெவ்வேறு சிகிச்சை ஏன்?

“பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு அறுவை சிகிச்சை செய்கிறார்கள், எங்கள் தந்தைக்கு ஏன் செய்யவில்லை?” கல்லீரல் புற்றுநோயாளிகளின் குடும்பத்தார் அடிக்கடி எழுப்பும் வினா இது. கட்டியின் அளவு மட்டுமே சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை என்பதே இதற்கான விடை.

இந்நோய் பெரும்பாலும் முன்பே பழுதுற்ற கல்லீரலில்தான் தோன்றுகிறது. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், மதுப்பழக்கம், கொழுப்புக் கல்லீரல் ஆகியவை நாளடைவில் கல்லீரலைத் தழும்பேறச் செய்கின்றன. இந்நிலையே ‘சிரோசிஸ்’. ஆகவே கட்டியின் அளவு, எண்ணிக்கை, பரவல் ஆகியவற்றோடு, எஞ்சிய கல்லீரலின் செயல்திறனையும் நோயாளியின் உடல்வலிமையையும் மருத்துவர்கள் கணக்கில் கொள்கின்றனர்.

கல்லீரல் நன்கு இயங்கினால், கட்டியுள்ள பகுதியை அறுவை சிகிச்சையால் அகற்றலாம். கட்டி சிறிதாக, பொதுவாக 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால், ஊசி செலுத்தி வெப்பத்தால் அழிக்கலாம். சிரோசிஸ் முற்றியிருந்து, 5 சென்டிமீட்டருக்கு மேற்படாத ஒரு கட்டியோ, ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரையிலோ இருந்து, நோய் இரத்தக்குழாய்களுக்கோ பிற உறுப்புகளுக்கோ பரவாதிருந்தால், கல்லீரல் மாற்று சிகிச்சை கட்டியையும் சிரோசிஸையும் ஒருங்கே நீக்கும்.

இவை இயலாதபோது, கட்டிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் மருந்து செலுத்தி அதனை அடைக்கும் முறை உண்டு. நோய் பரவியிருந்தால் நோயெதிர்ப்புச் சிகிச்சையும் மாத்திரைகளும் நோயைக் கட்டுப்படுத்த உதவும். கல்லீரல் மிகவும் நலிந்திருப்பின், வலியையும் வயிற்று நீரையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையே நன்மை தரும். அது கைவிடுதல் அன்று.

ஆரணிப் பகுதி மக்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையையோ, காஞ்சிபுரம் காரைப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனையையோ அணுகலாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று சிகிச்சை செய்யப்படுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தங்களுக்கு உள்ள உதவியை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியுங்கள்.

தொடக்க நிலையில் இந்நோய்க்கு வலி இராது. நாள் முழுதும் தறியில் அமர்பவர் சோர்வையும் பசியின்மையையும் வேலைக்களைப்பு என்றே எண்ணிவிடக்கூடும். எனவே சிரோசிஸ் உள்ளவர்கள் நலமாக உணர்ந்தாலும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி மட்டும் உள்ளவர்கள் இது தேவையா என மருத்துவரிடம் கேட்க வேண்டும். அவர்கள் வீட்டாரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தவறாதீர்கள். நாட்டு மருந்து ஏதேனும் உட்கொண்டால் தயங்காமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டறியப்பட்டால், முழுமையாகக் குணமாக்கும் வழிகள் பல திறந்திருக்கும்.