இருப்பு கூடினால் வெப்பம் குறையுமா?

பழைய கார்களைப் போற்றத் தெரிந்த நகரம் திருவனந்தபுரம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பல்லாண்டுகள் பயன்படுத்திய மெர்சிடிஸ் பென்ஸ் 180 காரை, 'சி.ஏ.என். 42' என்னும் அதன் பதிவெண்ணோடு சேர்த்து நினைவில் வைத்திருப்போர் இங்கு இன்றும் பலர். அது ஓட்டுநரே கியர் மாற்றும் வண்டி. அதே காலத்து அமெரிக்கக் கார்கள் பலவற்றில் கியர் தானாகவே மாறியது. 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ரா-மேட்டிக்' என்ற பெயரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கொண்டுவந்த கியர்பெட்டியே, பெருமளவில் உற்பத்தியான முதல் முழுத் தானியங்கி. செவர்லே இம்பாலா போன்ற பிற்காலப் பெருங்கார்கள் அந்த மரபில் வந்தவை.

இத்தகைய காரை வீட்டில் காத்துவருவோர் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. கியர்பெட்டியின் அடியில் இருக்கும் எண்ணெய்ச் சட்டியைக் கழற்றிவிட்டு, அதைவிட ஆழமான சட்டியைப் பொருத்தினால் வண்டிக்கு நல்லதா? வணிகவியல் படித்து வங்கியில் பணிபுரியும் நாம் இதை ஆராய்வானேன் என்று வாசகர்கள் வியக்கலாம். இருப்பு எவ்வளவு வேண்டும், அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதே இக்கேள்வியின் உட்பொருள். அது நமக்குப் பழகிய கேள்விதான்.

எண்ணெய் செய்யும் வேலை

கையால் இயக்கும் கியர்பெட்டியில் எண்ணெய் உராய்வைத் தணிக்கிறது. அத்துடன் அதன் கடமை ஏறத்தாழ முடிந்துவிடும். தானியங்கியில் அந்த எண்ணெயே எஞ்சின் விசையை டார்க் கன்வெர்ட்டர் வழியாகக் கடத்துகிறது. அழுத்தத்தால் கிளட்ச் தகடுகளை இறுக்குகிறது. உண்டாகும் வெப்பத்தையும் சுமந்து செல்கிறது. ஏற்றத்தில் மெல்ல ஏறும்போதும், நெரிசலில் நின்று நின்று நகரும்போதும் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் கடைபட்டுச் சூடேறுகிறது.

அந்தச் சூடு எல்லை மீறுவதே தானியங்கி கியர்பெட்டிக்கு முதற்பகை. எண்ணெய் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியசில் இருந்தால் நெடுங்காலம் உழைக்கும் என்றும், அதற்குமேல் ஒவ்வொரு 11 டிகிரி ஏற்றத்துக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்றும் இத்தொழிலில் ஒரு கணக்கு வழங்கிவருகிறது. அக்கணக்கின்படி 102 டிகிரியில் ஆயுள் கால் பங்காகச் சுருங்கும். கூட்டுவட்டி நமக்கு எதிராக வேலை செய்வதைப் போன்றது இது.

ஆழத்தின் பயன்

ஆழமான சட்டி பொதுவாக ஒரு லிட்டர் முதல் மூன்று லிட்டர் வரை கூடுதல் எண்ணெய் கொள்ளும். மொத்தம் 10 லிட்டர் கொள்ளும் அமைப்பில் 2 லிட்டர் கூடுவதாகக் கொள்வோம். எண்ணெயை மட்டும் கணக்கில் எடுத்தால், முன்பு 10 நிமிடத்தில் ஏறிய வெப்பம் இப்போது ஏற 12 நிமிடம் ஆகும். ஆனால் ஏற்றம் நீண்டால், சற்றுத் தாமதமாக அதே வெப்பநிலையை எண்ணெய் எட்டியே தீரும். கூடுதல் இருப்பு தருவது அவகாசம். வெப்பத்தை அது வெளியேற்றுவதில்லை. வரவைவிடச் செலவு மிகும் குடும்பத்துக்குச் சேமிப்புக் கணக்கு சில மாதங்களைத் தரும், வரவைத் தராது. அதுபோலத்தான் இதுவும்.

வெப்பத்தை வெளியேற்றுவது குளிர்விப்பான். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் அது ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே அமைந்திருக்கும். அலுமினியத்தில் வார்த்து, அடியில் விலா எலும்புபோல் வரிகள் வைத்த சட்டி காற்றுப்படும் பரப்பைக் கூட்டுவதால் சிறிது உதவும். எனினும் அது துணையே; தலைமைப் பொறுப்பு ரேடியேட்டருக்கே.

ஆழத்துக்கு மற்றொரு நன்மையும் உண்டு. நகரிலிருந்து பொன்முடிக்குச் செல்லும் மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மலையின் உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். செங்குத்தான ஏற்றத்தில் வளையும்போது சட்டியிலுள்ள எண்ணெய் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் ஒதுங்குகிறது. உறிஞ்சும் வாய் ஒரு நொடி காற்றை இழுத்தாலும் அழுத்தம் தளர்ந்து கிளட்ச் வழுக்கும். ஆழமான சட்டியில் அந்த வாய் எப்போதும் எண்ணெயில் மூழ்கியிருக்கும்.

சாலை இடும் தடை

ஆழமென்பது கீழ்நோக்கித்தான் வளர முடியும். சாலை வேகத்தடையின் உயரத்தை 10 சென்டிமீட்டர் என இந்திய சாலைக் காங்கிரசின் நெறிமுறை வகுத்துள்ளது. நம் தெருக்களில் அந்த அளவை மீறி எழுந்த தடைகளும் உள்ளன. 15 சென்டிமீட்டர் இடைவெளியோடு நிற்கும் காரில் சட்டி 5 சென்டிமீட்டர் கீழிறங்கி, வண்டியின் மிகத் தாழ்ந்த உறுப்பாகவும் அமைந்துவிட்டால், நெறிப்படி கட்டிய தடைகூட அதை உரசக்கூடும். வார்ப்பு அலுமினியம் நெளியாது, விரிசல் விடும். பிறகு சில நிமிடங்களில் எண்ணெய் முழுவதும் சாலையில் இருக்கும். மழைக்காலத்தில் தம்பானூர் போன்ற தாழ்வான இடங்களில் நீருக்கடியில் கிடக்கும் பள்ளமும் கல்லும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே, வாங்குமுன் நான்குபேரை வண்டியில் அமர்த்தி, தரைக்கும் சட்டிக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். குறுக்குச் சட்டம் சட்டியைவிடத் தாழ்ந்து காவலாக நிற்குமானால் கவலை குறையும். இல்லையேல், பழைய ஆழத்திலேயே வடிகால் திருகு வைத்த சட்டியோடு நிறுத்திக்கொள்வது நலம்.

பொருத்தும் முறை

முதல் விதி, சட்டி இறங்கும் அளவுக்கு உறிஞ்சும் வாயும் இறங்க வேண்டும் என்பது. இதற்கான நீட்டிப்புத் துண்டோ, ஆழமான வடிகட்டியோ சட்டியுடன் வந்திருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். அது இல்லையேல், கூடுதலாக ஊற்றிய எண்ணெய் பம்பு எட்டாத அடியில் தேங்கும். எடுக்க முடியாத வைப்பு அது. வாய் அடித்தளத்தோடு ஒட்டிவிடவும் கூடாது. சிறிது களிமண்ணை வடிகட்டியின் அடியில் ஒட்டி, சட்டியை ஒருமுறை வைத்தெடுத்தால் இடைவெளி தெரிந்துவிடும்.

பழைய கேஸ்கட்டை முற்றும் சுரண்டியெடுத்து, புதியதை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். டர்போ ஹைட்ரா-மேட்டிக் 350 வகையில் 13 போல்ட்டுகள் உண்டு. கையின் உணர்வை நம்பாமல், தயாரிப்பாளர் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சு கொண்டு இறுக்குவதே முறை. சட்டியைக் கழற்றினால் பழைய எண்ணெயில் ஒரு பகுதியே வடியும்; மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கியிருக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. சமதரையில், எஞ்சின் ஓடும் நிலையில், எண்ணெய் சூடானபின் அளவுக்கோலைப் பார்த்து நிரப்ப வேண்டும். இனி அந்தச் சட்டியின்மீது ஒருபோதும் ஜாக்கி வைக்கலாகாது.

ஒரு வாடிக்கையாளரின் கணக்கு

நம் கிளைக்கு வந்த மூத்த வாடிக்கையாளர் ஒருவர், தந்தை விட்டுச்சென்ற காருக்காக நிலையான வைப்பை முதிர்வுக்கு முன்பே முடிக்க விரும்பினார். வண்டி மலையேறினால் கருகிய வாடை வருகிறது. வெளிநாட்டிலிருந்து ஆழமான சட்டியைத் தருவித்தால் சரியாகும் என்று ஒரு பட்டறையில் கூறியிருந்தனர். முன்கூட்டியே முடித்தால் வட்டி குறையும் என்பதை நாம் எடுத்துரைத்தோம். வைப்பின்மீது கடன் பெறும் வழியையும் சொன்னோம். கூடவே, "ரேடியேட்டரைச் சோதித்துப் பார்த்தீர்களா, சார்?" என்றும் கேட்டோம்.

அவர் வேறொரு பட்டறையில் சோதித்தார். ரேடியேட்டரின் குழாய்கள் உப்புப் படிந்து பாதி அடைபட்டிருந்தன. அதைச் சுத்தம் செய்து, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, வெப்பநிலை காட்டும் மீட்டர் ஒன்றையும் வைத்தார். வாடை நின்றது. வைப்பு முதிர்வு வரை அப்படியே இருந்தது.

காகிதங்களும் கவனத்துக்குரியவை

ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களைத் தனிப் பதிவில் சேர்க்க மத்திய அரசு 2021இல் விதி வகுத்தது. பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டுக்குப் பின் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் ₹20,000, பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு ₹5,000. சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருக்கக் கூடாது. போல்ட்டில் மாட்டும் சட்டி இம்மூன்றிலும் அடங்காது; எனினும் அசல் சட்டியைத் துடைத்து, எண்ணெய் பூசி வீட்டில் வைத்திருங்கள். வண்டியின் மதிப்பில் அதற்கும் பங்குண்டு. இப்பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். அத்தகைய குறைந்த ஓட்டத்துக்கு ஆழமான சட்டி தேவைதானா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஐந்தாண்டு கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு, உரிமையாளரும் நிறுவனமும் பேசி முடிவு செய்வது. எனவே மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, ரசீதுகளையும் படங்களையும் சேர்த்து வையுங்கள். வெளிநாட்டில் வாங்குவோர் வார்ப்பின் எடைக்கேற்ற கூரியர் கட்டணத்தையும் சுங்க வரியையும் கூட்டியே விலை காண வேண்டும். அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் தேவையான நாளில் மட்டும் திறந்து, பின் மூடிவிடுவது பாதுகாப்பு.

செலவுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் வெப்பநிலை மீட்டர், அடுத்து ரேடியேட்டர், பிறகு புதிய எண்ணெயும் வடிகட்டியும். இவை மூன்றும் சீரான பின்னும் மலைப்பாதையில் மீட்டரின் முள் உயருமானால், தரையிடைவெளியும் இடங்கொடுக்குமானால், அப்போது ஆழமான சட்டியைத் தயங்காமல் வாங்கலாம்.