கோர் வேல்யூஸ்: பட்டியல் போதாது, வரிசை வேணும்

"கோர்" என்ற வார்த்தையைக் கேட்டதும் நமக்கு முதல்ல ஞாபகம் வருவது கோர் கம்பெனிதான். மெக்கானிக்கல்னா ஆட்டோமொபைல், சிவில்னா கன்ஸ்ட்ரக்‌ஷன், ஈ.சி.ஈ.ன்னா வி.எல்.எஸ்.ஐ. ஆனா இன்டர்வியூ ரூமுக்குள்ள இன்னொரு "கோர்" காத்திருக்கும். "உங்க கோர் வேல்யூஸ் என்ன?" என்று எச்.ஆர். கேட்பார். நாமும் சீனியர் சொல்லிக்கொடுத்த மாதிரியே நேர்மை, கடின உழைப்பு, டீம் ஒர்க் என்று மூன்றை ஒப்பித்துவிட்டு வந்துவிடுவோம்.

அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. நேர்மை வேண்டாம்னு யாராவது சொல்வாங்களா? சிக்கல் வேற இடத்துல இருக்கு. அந்தப் பதிலை வைத்து உங்களால ஒரு முடிவும் எடுக்க முடியாது. கையில் ரெண்டு ஆஃபர் இருக்கும்போதோ, மேல்படிப்பா வேலையா என்று வீட்டில் பேச்சு வரும்போதோ, அந்த மூன்று வார்த்தைகளும் எந்தப் பக்கமும் கை காட்டாது. கை காட்டுகிற மாதிரி ஒரு பட்டியலை எப்படித் தயார் பண்ணுவது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இலக்கு வேற, மதிப்பு வேற

வேல்யூ என்பதற்குப் புத்தகத் தமிழில் "விழுமியம்" என்று சொல்வார்கள். நாம் எளிமையாக "மதிப்பு" என்றே வைத்துக்கொள்வோம். பலரும் குழப்பிக்கொள்வது இலக்கையும் மதிப்பையும்தான். கேட் தேர்வில் நல்ல ரேங்க் வாங்குவது இலக்கு. ரிசல்ட் வந்ததும் அது முடிந்துவிடும். கற்றுக்கொண்டே இருக்கணும் என்பது மதிப்பு. அதற்கு ரிசல்ட் தேதி கிடையாது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? ஒரே பெஞ்சில் மூன்று பேர், மூன்று பேருக்கும் வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க ஆசை என்று வைத்துக்கொள்ளுங்க. ஒருத்தருக்கு ஆராய்ச்சி மேல் ஆர்வம். இன்னொருத்தருக்கு வீட்டுக் கடனை சீக்கிரம் அடைக்கணும். மூன்றாமவருக்கு, யாரும் கேள்வி கேட்காத இடத்தில் கொஞ்ச நாள் வாழ்ந்து பார்க்கணும். விசா கிடைக்காமல் போனால் இந்த மூன்று பேரும் போகவேண்டிய வழி ஒன்றா? முதல் ஆள் இங்கேயே ஒரு நல்ல ஆய்வகத்தைத் தேடலாம். இரண்டாவது ஆள் சம்பளம் அதிகமுள்ள வேலையைப் பிடிக்கலாம். மூன்றாவது ஆளுக்கு வேற ஊரில் ஒரு வேலை கிடைத்தாலே பாதி ஆசை நிறைவேறிடும். மதிப்பு என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு இலக்கு உடைஞ்சாலும் அடுத்த வழி கண்ணுக்குத் தெரியும்.

யோசிக்காதீங்க, தடயம் தேடுங்க

"எனக்கு என்ன முக்கியம்?" என்று தாளும் பேனாவுமா உட்கார்ந்தால் நல்ல பிள்ளை பதில்தான் வரும். அதனால் போலீஸ் மாதிரி தடயம் தேடுங்க. நாலு இடத்தில் கண்டிப்பா கிடைக்கும்.

முதல் இடம், கோபம். குரூப் ப்ராஜெக்ட்டில் ஒருத்தர் ஒரு வேலையும் செய்யாமல் ரிப்போர்ட்டில் மட்டும் பேர் போட்டுக்கொள்கிறார். உங்களுக்குக் கோபம் வருது. எதனால்? "உழைக்காதவனுக்கும் அதே மார்க்கா?" என்றால் உங்களுக்கு முக்கியம் நியாயம். "ரிவியூல எல்லார் முன்னாடியும் மானம் போச்சு" என்றால் மரியாதை. "இன்னும் நல்லா பண்ணியிருக்கலாமே" என்றால் வேலையின் தரம். சம்பவம் ஒன்றுதான், மதிப்பு மூன்று.

இரண்டாவது, பொறாமை. யாரோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் உங்களைக் கொஞ்சம் குத்துது? பெரிய பேக்கேஜ் வாங்கினவரா, ஹேக்கத்தானில் ஜெயிச்சவரா, வாராவாரம் ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டு வருபவரா? வெளியே சொல்ல வேண்டாம், தாளில் எழுதிக்கோங்க.

மூன்றாவது, நேரமும் பணமும். போன மாதத்து யு.பி.ஐ. ஹிஸ்டரியையும் போனில் ஸ்க்ரீன் டைமையும் எடுத்துப் பாருங்க. இங்கே ஒரு எச்சரிக்கை. ரீல்ஸ் பார்ப்பதில் தினமும் மூன்று மணி நேரம் போகுதுன்னா ரீல்ஸ் உங்க மதிப்பு என்று அர்த்தமில்லை. அது பழக்கம். "இதை நாளைக்கே பிடுங்கிட்டா வருஷக்கணக்கில் வலிக்குமா, ரெண்டு நாளில் மறந்துடுவேனா?" என்று கேட்டால் பழக்கமும் மதிப்பும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

நான்காவதுதான் வலுவான சாட்சி: நீங்களே விரும்பி விட்டுக்கொடுத்தது. பாட்டிக்கு ஆபரேஷன் என்று இன்டர்னல் தேர்வை விட்டிருப்பீங்க. ப்ராக்ஸி போடமாட்டேன் என்று சொல்லி ஒரு நண்பரின் முகச்சுளிப்பை வாங்கியிருப்பீங்க. எதுக்காக எதை விட்டீங்களோ, அங்கே உங்க மதிப்பு ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது.

இப்போ பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, "இது யார் குரல்?" என்று கேளுங்க. "லைஃப்ல செட்டில் ஆகணும்" என்பது உங்க குரலா, கல்யாண வீட்டில் கேள்வி கேட்ட அத்தையின் குரலா? பெரியவங்க கொடுத்ததெல்லாம் இரவல் என்று தள்ளிவிடவும் வேண்டாம். யாருக்கும் உங்களைத் தெரியாத ஊரில், யாரும் பார்க்காதபோதும் அதைக் கடைப்பிடிப்பீங்களா? ஆமாம்னா, அது எங்கிருந்து வந்திருந்தாலும் இப்போ உங்களுடையதுதான். தேறியதில் ஐந்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்க.

ரெண்டும் நல்லது, எது முதல்ல?

உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பிக்குது. மில்டன் ரோக்கீச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1973-ல் மனித மதிப்புகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அவருடைய சர்வேயில் 18 மதிப்புகள் வீதம் இரண்டு பட்டியல்கள். "இது முக்கியமா, ஆமா இல்லைன்னு சொல்லு" என்று அவர் கேட்கவில்லை. பதினெட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்தச் சொன்னார். காரணம் எளிது. தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே முக்கியம்னுதான் யாரும் சொல்வாங்க. ஒன்றை மேலே வைத்தால் இன்னொன்று கீழே இறங்கணும் என்ற கட்டாயம் வரும்போதுதான் மனசு பேசும்.

இந்த மோதல் உங்க குணத்தில் உள்ள கோளாறு இல்லை. ஷலோம் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1992-ல் வெளியிட்ட ஆய்வில் பத்து அடிப்படை மதிப்புகளை ஒரு வட்டமாக அடுக்கினார். பக்கத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை இழுபறி பண்ணும். சுயமாக முடிவெடுப்பதும் புதுமையும் ஒரு பக்கம் என்றால், பாதுகாப்பும் மரபும் எதிர்ப்பக்கம். ஸ்டார்ட்அப்பா அரசு வேலையா என்று தூக்கம் வராமல் புரள்கிற ஆள், அந்த வட்டத்தின் ரெண்டு முனையையும் ஒரே நேரத்தில் பிடிச்சு இழுக்கிறார். அவ்வளவுதான்.

ஐந்தை எப்படி வரிசைப்படுத்துவது? இன்ஜினியரிங்கிலேயே அதற்கு ஒரு வழி இருக்கு. தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய ஏ.எச்.பி. முறையில், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடை போடாமல் இரண்டிரண்டாக ஒப்பிடுவார்கள். ஐந்து மதிப்புகள் என்றால் பத்து ஜோடி. ஆனால் "குடும்பமா, வளர்ச்சியா?" என்று வெறும் வார்த்தைகளை மோதவிடாதீங்க. ஒரு சூழ்நிலையைக் கொடுங்க: "ஊர்ப் பக்கத்திலேயே சுமாரான வேலை, புனேவில் நல்லாக் கத்துக்கொடுக்கிற வேலை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. எதை எடுப்பேன்?" ஜெயித்ததுக்கு ஒரு மார்க். பத்து ஜோடியும் முடிந்ததும் கூட்டிப் பார்த்தால் வரிசை வந்துவிடும்.

சில சமயம் வட்டம் அடிக்கும். குடும்பம் பணத்தை ஜெயிக்கும், பணம் கற்றலை ஜெயிக்கும், கற்றல் குடும்பத்தை ஜெயிக்கும். பதற வேண்டாம். ஏதோ ஒரு வார்த்தைக்குள் ரெண்டு அர்த்தம் ஒளிஞ்சிருக்கு. "பணம்" என்று எழுதியதில் கடன் அடைப்பதும் இருக்கும், கெத்தாக இருப்பதும் இருக்கும். அதை ரெண்டாகப் பிரித்துவிட்டு மறுபடி ஒப்பிடுங்க.

சிலது வரிசையிலேயே வரக்கூடாது

ஆப்டிமைசேஷன் பாடம் படித்தவர்களுக்குத் தெரியும். அதிகமாக்க வேண்டியது ஒன்று, தாண்டவே கூடாத எல்லைக்கோடு இன்னொன்று. சம்பளம், சௌகரியம், பேர் எல்லாம் கூடக்குறைய இருக்கலாம். எவ்வளவு லாபம் வந்தாலும் தாண்டமாட்டேன் என்ற கோடு ஒன்றோ இரண்டோ தனியாக இருக்கணும். அதை முன்கூட்டியே எழுதி வைக்கலேன்னா என்ன ஆகும்?

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலம் கிளம்பணும். அதன் பூஸ்டர் ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தயக்கால் நிறுவனத்தின் இன்ஜினியர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் வேண்டாம் என்றார்கள். குளிரில் ஓ-ரிங் ரப்பர் வளையங்கள் விறைத்துப்போய், இடைவெளியைச் சரியாக அடைக்காது என்பது ரோஜர் பாய்ஸ்ஜோலி உள்ளிட்டோரின் பயம். நாசா தரப்பில் அதிருப்தி. நிறுவன மேலாளர்கள் தனியாகக் கூடிப் பேசினார்கள். இன்ஜினியரிங் பிரிவின் தலைவரிடம், இன்ஜினியர் தொப்பியைக் கழட்டிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள் என்ற பொருளில் ஒரு மூத்த அதிகாரி சொன்னார். முடிவு மாறியது. மறுநாள் கிளம்பிய 73-வது வினாடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பாதுகாப்பு முக்கியமில்லை என்று கேட்டிருந்தால் ஒருவரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். வாடிக்கையாளரின் திருப்தி, குறித்த நாள், பாதுகாப்பு மூன்றுமே அவர்கள் பட்டியலில் இருந்தன. அவசரத்தில் வரிசை மாறிவிட்டது. அதே இரவில் ஏவுதளத்தில் இருந்த அதே நிறுவனத்தின் ஆலன் மெக்டொனால்ட், ஏவலாம் என்ற பரிந்துரையில் கையெழுத்துப் போட மறுத்தார். வேறொரு அதிகாரி கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மெக்டொனால்டால் ராக்கெட்டை நிறுத்த முடியவில்லை. ஆனால் தன் எல்லைக்கோடு எங்கே இருக்குன்னு அவருக்கு அந்த நேரத்தில் தேட வேண்டியிருக்கவில்லை.

நமக்கு இப்போ வருவது சின்ன அளவில்தான். லேப்பில் வராத ரீடிங்கை எழுதிவிடுவது, ரெஸ்யூமேயில் செய்யாத ப்ராஜெக்ட்டைச் சேர்ப்பது. நாளைக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப்போகிற கையும் இதே கைதான்.

எழுதுவது எப்படி?

2001-ல் 17 மென்பொருள் வல்லுநர்கள் சேர்ந்து அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதில் நாலு மதிப்புகள், நாலுமே "இதைவிட அது" என்ற வடிவத்தில் இருக்கும். குறைவாக வைத்ததற்கும் மதிப்பு உண்டு என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்க. "எனக்குக் கற்றல் முக்கியம்" என்றால் யாருக்கும் பயனில்லை. "முதல் ரெண்டு வருஷத்துக்கு, அதிக சம்பளத்தைவிட நல்லாக் கத்துக்கிற வேலை" என்று எழுதினால் ஆஃபரைப் பார்த்ததும் முடிவு தெரியும்.

வரிசையில் பணம் மேலே வந்தால் கூச்சப்படாதீங்க. நம்மில் எத்தனையோ பேர் முதல் பட்டதாரி சான்றிதழ் காட்டிச் சேர்ந்தவர்கள். கல்விக்கடன் இருக்கு, தங்கச்சி படிப்பு இருக்கு. அந்த நேரத்தில் சம்பளத்தை முதலில் வைப்பது பேராசை ஆகாது. அதன் உண்மையான பேர் பொறுப்பு. அப்படியே எழுதுங்க. "கடன் முடியும் வரை" என்றும் சேர்த்து எழுதுங்க. அந்த மூன்று வார்த்தைகள் இல்லாவிட்டால், கடன் முடிந்த பிறகும் அதே வரிசை உங்களை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

எழுதிய தாளை வீட்டிலும் ஒருமுறை காட்டுங்க. "எனக்கு ஐ.டி. பிடிக்கலை" என்று சொன்னால் அப்பாவுக்குப் பயம்தான் வரும். "இது முதல், இது ரெண்டாவது, இதுக்காக இதை விட்டுக்கொடுக்கத் தயார்" என்று சொன்னால் பேச்சு வேற மாதிரி போகும். அவரிடமும் அவருடைய வரிசையைக் கேளுங்க. உங்க படிப்புக்காக அவர் எதையெல்லாம் கீழே இறக்கினார் என்பது அப்போது தெரியவரும்.

கடைசியா, தாளின் மேல் இன்றைய தேதியைப் போடுங்க. மூன்றாம் வருடம் போட்ட வரிசை எட்டாவது செமஸ்டரில் மாறலாம், மாறட்டும். ஒவ்வொரு செமஸ்டர் லீவிலும் ஒரு மணி நேரம் ஒதுக்கி மறுபடி ஒப்பிடுங்க. எல்லைக்கோடு மட்டும் மாறியிருந்தால், பேனாவை எடுப்பதற்கு முன்னாடி, போன ஆறு மாதத்தில் என்ன நடந்ததுன்னு நம்பிக்கையான ஒருத்தரிடம் உட்கார்ந்து பேசிட்டு வாங்க.