கே.பி.சுந்தராம்பாள்: ஹீரோ இல்லாமலே ஜெயித்த ஹீரோயின்!

'திருவிளையாடல்' படத்தில் ஞானப்பழம் கிடைக்காத கோபத்தில் முருகன் கிளம்பிப் போய்விடுவார். அவரைச் சமாதானப்படுத்த ஒரு பாட்டி கணீர்க் குரலில் பாடுவாரே, ஞாபகம் இருக்கா? டி.வி-யிலோ கோயில் ஸ்பீக்கரிலோ அந்தக் குரலை எப்படியும் கேட்டிருப்பீர்கள். ஆனால், 'அந்த ஔவையார் பாட்டி யார்?' என்று கேட்டால், 2கே கிட்ஸ் பலரும் கூகுளைத்தான் தேட வேண்டியிருக்கும்.

அவர்தான் கே.பி.சுந்தராம்பாள். 1935 முதல் 1973 வரை நீண்ட சினிமா வாழ்க்கையில் அவர் நடித்தது ஏறக்குறைய ஒரு டஜன் படங்கள்தான். ஹீரோவுக்கு ஜோடியாக டூயட் பாடியதே இல்லை. இப்படி ஒரு கரியர் எப்படி சாத்தியமாச்சு?

ஒரு குரல், ஒரு காதல்

1908-ல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் சுந்தராம்பாள். நாடக மேடைதான் அவரை வளர்த்தது. இலங்கை வரை போய்ப் பாடினார். கொழும்பு நாடக மேடையில்தான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். இரண்டு பேருக்குமே உச்ச ஸ்தாயி அசால்ட்டாக வரும். மேடை ஜோடி, 1927-ல் நிஜ ஜோடியானது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. போகப்போக மனக்கசப்பும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 28 வயதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றைக்குக் கட்டிய வெள்ளைப் புடவையை அவர் கடைசிவரை மாற்றவில்லை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

ஒரு லட்சம் ரூபாய் சம்பளம்

படம் பேச ஆரம்பித்த காலம் அது. மைக் முன்னால் பாடத் தெரிந்தவர்களை உலகம் முழுக்க சினிமாக்காரர்கள் தேடினார்கள். சுந்தராம்பாள் பிறந்த அதே 1908-ல் அர்ஜென்டினாவில் பிறந்தவர் லிபர்டாட் லமார்க். 1933-ல் வந்த 'டாங்கோ' என்ற அந்நாட்டின் ஆரம்பகாலப் பேசும் படத்தில் பாடி நடித்து, பெரிய நட்சத்திரமானார். அங்கே டாங்கோ பாடகிகளுக்கு நடந்தது, இங்கே நாடகப் பாடகிகளுக்கு நடந்தது.

'நந்தனார்' படத்துக்காகத் தயாரிப்பாளர் அசன்தாஸ் வந்து கேட்டார். சுந்தராம்பாளுக்கு இஷ்டமில்லை. 'பெரிய தொகையாகச் சொன்னால் ஓடிவிடுவார்' என்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகச் சொல்வார்கள். அவர் ஓடவில்லை, ஒப்புக்கொண்டார். ஒரு பவுன் 30 ரூபாய்க்குள் விற்ற காலம் அது. கணக்குப் போட்டால் 3,000 பவுனுக்கு மேல்!

கதாபாத்திரத்திலும் அவர் தன் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. நந்தனார் வேடத்தையே அவர்தான் போட்டார். ஆண் வேடம் போட்டுவிட்டால் ஹீரோவுக்கு ஜோடியாக வேண்டிய பேச்சே இல்லையே. 1935-ல் வந்த படம் பெரிதாக ஓடவில்லை. கல்கி தன் விமர்சனத்தில் வறுத்தெடுத்தார். ஆனால், அந்தச் சம்பளம் மட்டும் சரித்திரமாகிவிட்டது.

தியாகமா, கட்டுப்பாடா?

இங்கே ஒரு கேள்வி வரும். 25 வயதுப் பெண் வெள்ளை கட்டியதை 'தியாகம்' என்று கொண்டாடுவதா? ஊர் போட்ட கட்டுப்பாடு என்று கோபப்படுவதா? இரண்டுக்குமே இடம் இருக்கிறது. மனைவி இறந்தால் ஆண் யாரும் இப்படி விரதம் எடுக்க வேண்டியதில்லை. அந்த முடிவால் அவர் இழந்த வேடங்களும் ஏராளம். காதலியாகவோ, கலகலப்பான நாயகியாகவோ அவரைத் திரையில் நாம் பார்த்ததே இல்லை.

அதே சமயம், கணவனை இழந்த பெண் வீட்டு மூலையில் உட்கார வேண்டும் என்று ஊர் சொன்ன காலம் அது. சுந்தராம்பாள் வெள்ளையை ஏற்றுக்கொண்டார், மூலையை ஏற்கவில்லை. காங்கிரஸ் மேடைகளில் பாடினார். சட்ட மேலவை உறுப்பினரானார். சினிமாவிலிருந்து சட்டமன்றம் போன முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

நம்ம கடற்கரையின் கதைகள்

மண்டபத்தூர் கடற்கரையில் நின்றால் தெற்கே காரைக்கால். வடக்கே தரங்கம்பாடி, அதையும் தாண்டிப் போனால் பூம்புகார். சுந்தராம்பாளின் மூன்று முக்கியமான வேடங்கள் இந்தக் கரையின் கதைகளிலிருந்து வந்தவைதான்.

புகாரில் பிறந்து துறவியான மணிமேகலையாக 1940-ல் நடித்தார். 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' அவரை வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாக்கியது. 1964-ல் கலைஞர் வசனம் எழுதிய 'பூம்புகார்' படத்தில், கோவலன் கண்ணகியோடு மதுரைக்கு நடக்கும் சமணத் துறவி கவுந்தியடிகள் அவர்தான். 'துணைவன்' படத்தில் பாடியதற்காக தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ என்று மரியாதைகளும் தேடி வந்தன.

1973-ல் ஏ.பி.நாகராஜனின் 'காரைக்கால் அம்மையார்'. மாங்கனி அதிசயத்தைப் பார்த்து மிரண்ட கணவன், புனிதவதியை விட்டுப் போய்விடுகிறான். 'அவனுக்காகச் சுமந்த அழகு எனக்கு எதுக்கு?' என்று அதை உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்குகிறார் அவர். இளம் புனிதவதியாக லட்சுமி நடித்தார். அழகை உதறிய பிறகு வரும் அம்மையார், சுந்தராம்பாள்.

அப்போது அவருக்கு 65 வயதை நெருங்கியிருந்தது. கணவன் இல்லாமல் போன பிறகு அலங்காரத்தை விட்டு, பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்த பெண்ணின் கதை அது. அதற்கு அவர் தனியாக ஒத்திகை பார்த்திருக்கவே தேவையில்லை.

1980-ல் காலமானார். ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவுக்கு காரைக்கால் போகிறவர்கள், கூட்டத்தில் மாம்பழம் பிடித்து முடித்த கையோடு இந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கே.பி.எஸ். பற்றி உங்களைவிட அவங்ககிட்ட கதை நிறைய இருக்கும்!