கல்லுப்பும் கண்ணாடித் தூளும்

இடையஞ்சாவடியிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மரக்காணம் உப்பளங்களைக் காணலாம். குவிந்த உப்பு வெள்ளை வெளேரென்று தெரிகிறது. ஆனால் நல்ல கல்லுப்பு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஓரளவு ஊடுருவும். அதைப் பொடித்தால் மீண்டும் வெண்மை! ஒவ்வொரு துகளின் பரப்பிலும் ஒளி சிதறுவதே காரணம். கண்ணாடியும் இப்படித்தான்.

கண்ணாடித் தூளைப் பரப்பி, மின்சூளையில் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியசில் உருக்கி ஒட்டி, ஓவியத் தகடுகள் செய்கிறார்கள். எந்த அளவுத் தூளை எடுப்பது?

1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 ச.செ.மீ. அதை 1 மி.மீ. துண்டுகளாக்கினால் மொத்தப் பரப்பு 60 ச.செ.மீ.; 0.1 மி.மீ. துண்டுகளாக்கினால் 600 ச.செ.மீ.! இளகிய கண்ணாடி, பரப்பு இழுவிசையால் தன் பரப்பைக் குறைத்துக்கொள்ள முயலும். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில், 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த இடத்தில், பழங்காலக் கண்ணாடி மணிகள் ஏராளம். குழலை நறுக்கி மீண்டும் சூடாக்கியபோது அவற்றின் கூர்முனைகள் மழுங்கியதும் இவ்விசையால்தான்.

நுண்துகள்கள் விரைவில் ஒட்டிக்கொள்கின்றன. இடையிலுள்ள காற்று வெளியேறுமுன் வழி அடைபட்டு, எண்ணற்ற சிறு குமிழிகளாகத் தங்கிவிடுகிறது. இளகிய கண்ணாடியோ தேனைவிடப் பன்மடங்கு பிசுபிசுப்பானது. குமிழியின் ஆரம் பாதியானால் அது மேலெழும் வேகம் நாலிலொன்றாகும். எனவே சிறு குமிழிகள் நகர்வதே இல்லை எனலாம்; தகடு பால்போல் மங்கலாகிறது. பெரிய துண்டுகளுக்கிடையே வழி அகலம், காற்று எளிதில் வெளியேறுகிறது, குமிழிகள் குறைவு, தகடு தெளிவாகிறது.

ஆகவே நுண்கோடுகளுக்கும் நிழல் தீட்டவும் 0.2 மி.மீ.க்குக் குறைந்த தூள்; ஒளி ஊடுருவும் வண்ணங்களுக்கு 3 முதல் 5 மி.மீ. துண்டுகள், இரண்டும் ஓரளவு வேண்டுமானால் 1 முதல் 2 மி.மீ. குறுணை. சல்லடைகளால் சலித்துப் பிரித்துக்கொள்ளலாம்.

இரு எச்சரிக்கைகள். வெவ்வேறு வகைக் கண்ணாடிகளைக் கலக்கக் கூடாது. அவற்றின் வெப்ப விரிவு வேறுபட்டால், ஆறும்போது ஒன்றையொன்று இழுத்துத் தகடு விரிசல் விடும். சில நாள் கழித்தும் உடையலாம். மேலும், நுண்தூசு நுரையீரலுக்குத் தீங்கு. தகுந்த முகக்கவசம் இன்றி அதைக் கையாளவே கூடாது. சிந்தியதைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

ஊறுகாய்க்குக் கல்லுப்பு, மோருக்குத் தூளுப்பு என்று நாம் தேர்வதில்லையா? கண்ணாடிக் கலைஞரின் தேர்வும் அதுபோன்றதே.