உங்களுக்குத் தெரியுமா? கொட்டும் கூந்தலின் கணக்கு

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்புதான். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தலைக்குக் குளிப்பவர்களுக்கு ஏழு நாள் உதிர்வும் ஒரே நாளில் கையோடு வந்துவிடும். பழி என்னவோ ஷாம்புவுக்கு!

இன்று சீப்பில் வரும் முடியின் தலையெழுத்து இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஒரு முடி 2 முதல் 7 ஆண்டுகள் வளர்கிறது. பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டுத்தான் விழுகிறது. டெங்கு, டைஃபாய்டு, கோவிட், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடையைக் குறைப்பது என்று உடம்புக்கு ஓர் அதிர்ச்சி வந்தால், ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, எல்லாம் மறந்த பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டும். இதை 1961இல் விவரித்த அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் வைத்த பெயர் ‘டெலோஜன் எஃப்ளூவியம்’. ஆகவே, போன வாரம் மாற்றிய சோப்பைச் சந்தேகப்படாமல் காலண்டரில் மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள். இந்த வகையில் வேர் சாவதில்லை. காரணம் நீங்கிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வு அடங்கிவிடும்.

“குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும்” என்பார்கள் பாட்டிகள். காரணம் தப்பு, காலக்கணக்கு சரி! கர்ப்ப காலத்தில் ஏறியிருக்கும் ஈஸ்ட்ரோஜன், உதிர வேண்டிய முடியையும் பிடித்து வைத்திருக்கும். பிரசவம் ஆனதும் அது சட்டென இறங்கிவிடும். மூன்றாம் மாத வாக்கில், பிள்ளை முகம் பார்க்கும் நேரத்தில், பாக்கி முடியெல்லாம் சேர்ந்து விழும். முதல் பிறந்தநாள் வருவதற்குள் பெரும்பாலோருக்குப் பழையபடி அடர்ந்துவிடும்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போனால் இரும்புச்சத்து குறைந்து முடியும் கொட்டலாம். முடி கொட்டுகிறது என்று வருபவரிடம் மருத்துவர் மாதவிடாயைப் பற்றி விசாரிப்பது இதனால்தான். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. தைராய்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. அது கூடினாலும் குறைந்தாலும் முடி கொட்டும்.

ஆண்களுக்கு வருவதுபோல் பெண்களுக்கு நெற்றி ஏறி வழுக்கை விழுவது அபூர்வம். முன்வரிசை முடி அப்படியே இருக்க, வகிடு மட்டும் வருடா வருடம் அகலமாகும். லுட்விக் என்ற மருத்துவர் 1977இல் இதை மூன்று படிகளாகப் பிரித்தார். வகிடு அகலும்போதே முகத்திலும் முடி வளர்ந்து, மாதவிடாயும் தள்ளிப்போனால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வகிடு அகலுவதற்குத் தரப்படும் மினாக்ஸிடில், முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரை! சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலெல்லாம் முடி முளைத்ததால் தலையில் தடவும் மருந்தானது. அமெரிக்காவில் 1988இல் ஆண்களுக்கும் 1991இல் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடும். பலர் அப்போதே பயந்துபோய்ப் பாட்டிலை மூலையில் போட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு மாதமாவது பொறுக்க வேண்டும். நிறுத்தினால் வந்த முடி போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தொடக் கூடாது.

நெற்றி ஓரம் இழுபட இறுக்கிப் பின்னினால் அந்த வரிசை முடி மெல்ல மெல்ல விடைபெறும். 1907இல் கிரீன்லாந்துப் பெண்களிடம்தான் இது முதலில் கவனிக்கப்பட்டது. உச்சியில் இழுத்துக் கட்டிய குதிரைவால் செய்த வேலை.

தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கி, அதன் புரதம் கழுவிக்கொண்டு போகாமல் காக்கிறது. முடி உடைவது குறையும். ஆனால் வேரிலிருந்து புதுமுடி முளைக்க வைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தினமும் தேய்ப்பவர்கள் தேய்க்கலாம், விளம்பரத்தை நம்பி ஆயிரம் ரூபாய் மூலிகை எண்ணெய் வாங்குவதுதான் வீண்.

தோழி சொன்னாள் என்று பயோட்டின் மாத்திரை விழுங்குகிறீர்களா? அது தைராய்டு பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டக்கூடும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் குழப்பும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

புழுவெட்டில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவதால் காசு அளவுக்கு வட்டமாக முடி போகிறது. பல பேருக்குத் தானாகவே திரும்ப வளரும். வளராவிட்டால் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். கடுமையாகப் பரவியவர்களுக்காக, பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

முடி போன இடம் வழவழப்பாகப் பளபளக்கிறதா? எரிச்சலோ வலியோ இருக்கிறதா? அது வேரையே அழித்துத் தழும்பாக்கும் வகையாக இருக்கலாம். அப்படி அழிந்த வேரில் மறுபடி முடி முளைக்காது. எண்ணெய், வெங்காயச்சாறு என்று நாள் கடத்தாமல் இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள்.