காற்று அடிப்பது திருத்தமல்ல: மெதுவாக இறங்கும் டயரின் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாடசாலை வாயிலில் காலைக் கடமைக்கு நிற்கும் நாட்களில் எனது பார்வை பிள்ளைகளில் மட்டுமல்ல, அவர்களை ஏற்றி வரும் வாகனங்களின் டயர்களிலும் விழுவதுண்டு. ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்து, அடிப்பாகம் பிதுங்கிய டயருடன் வரும் காரோ வேனோ ஒன்றாவது இருக்கும். சாரதியிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "அது அப்படித்தான் சேர், கிழமைக்கு ஒருக்கா காத்தடிச்சா ஓடும்."

ஓடும் என்பது உண்மைதான். எவ்வளவு வேகத்தில், எவ்வளவு தூரம், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் என்பதே கேள்வி.

காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டிருந்தால் அந்த இடம் சூடாகி ஈற்றில் முறிவதைப் பார்த்திருப்போம். டயருக்குள்ளும் இதுவே நடக்கிறது. அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒரு சிறிய காரின் சக்கரம் செக்கனுக்கு ஏறத்தாழ 15 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மடிப்பு. அந்தச் சூடு சேர்ந்து இறப்பரையும் அதனுள்ளே இருக்கும் இழைகளையும் பிரித்துவிடும்போதுதான் டயர் வெடிக்கிறது. ஊருக்குள் மாதக்கணக்கில் சமாளித்த டயர், நோயாளியை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடும் ஓர் இரவில் கைவிடுவது இப்படித்தான்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் பல வருடங்களாக நாம் பழைய வாகனங்களையே ஓட்டி வந்தோம். ரிம்முக்கும் வால்வுக்கும் வயது ஏறிவிட்டது. எனவே மெதுவான காற்றுக் கசிவு இன்று பலரது வீட்டுப் பிரச்சினை. அதற்கான காரணத்தை ஒழுங்குமுறையாகத் தேடினால் கட்டாயம் கண்டுபிடிக்கலாம்.

முதலில் அளவு, பிறகு தேடல்

ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் முறை பற்றிய பாடத்தில் எங்களுக்கு அடிக்கடி சொல்லித் தரப்பட்ட விடயம் ஒன்று: ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒன்று இல்லாமல் எந்தப் பரிசோதனையும் இல்லை. டயர் விடயத்தில் அந்த ஒப்பீடு நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. ஒரு டயரில் சந்தேகம் என்றால் மற்ற மூன்று டயர்களும் சாட்சிகள்.

செய்ய வேண்டியது இதுதான். சொந்தமாகக் காற்று அளக்கும் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் நிரப்பு நிலையத்துக்கு நிலையம் மானி வேறுபடும். நமது கருவி ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ பிழையாகக் காட்டினாலும் எப்போதும் ஒரே மாதிரிக் காட்டினால் போதும். காலையில், வாகனத்தை எடுக்கும் முன்னர், வெயில் படும் முன்னர் நான்கு டயர்களையும் அளந்து குறித்து வையுங்கள். ஓடி வந்த டயர் சூட்டினால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ கூடுதலாகக் காட்டக்கூடும். காலையில் அளந்ததை மாலையில் அளந்ததோடு ஒப்பிட்டால் கணக்குக் குழம்பிவிடும்.

நிரப்ப வேண்டிய அளவு சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டிருக்கும். ஜப்பான் வாகனங்களில் அது பெரும்பாலும் கிலோபஸ்கால் அலகில் இருக்கும். 220 என்றால் ஏறத்தாழ 32 பி.எஸ்.ஐ, 240 என்றால் ஏறத்தாழ 35. டயரின் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் இலக்கம் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. நாம் நிரப்ப வேண்டிய அளவு அதுவல்ல.

நான்கையும் சரியான அளவுக்கு நிரப்பிவிட்டு ஒரு கிழமை விடுங்கள். பிறகு மீண்டும் அளந்தால் மூன்று விதமான விடை வரலாம்.

நான்கும் ஒரே அளவில் சற்றுக் குறைந்திருந்தால் கசிவு இல்லை. இறப்பரினூடாக இயல்பாகவே மாதமொன்றுக்கு ஒன்று, இரண்டு பி.எஸ்.ஐ வெளியேறும். காலநிலை குளிர்ந்தாலும் குறையும். 10 பாகை செல்சியஸ் குறைந்தால் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ.

ஒன்று மட்டும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ குறைந்திருந்தால் அதில் மெதுவான கசிவு உண்டு. வால்வு, ரிம்மின் விளிம்பு, அல்லது டயரில் தைத்த சிறிய ஆணி காரணமாக இருக்கலாம்.

ஓர் இரவிலேயே பத்து பி.எஸ்.ஐ குறைந்திருந்தால் அதனை மெதுவான கசிவு என்று சொல்ல முடியாது. அந்த டயரோடு பயணம் போகாமல் மாற்றுச் சக்கரத்தைப் போடுங்கள்.

கடையில் ஏன் தெரிவதில்லை?

கரையோர ஊர் ஒன்றில் வசிக்கும் எனது காரின் பின் இடது டயர் கிழமைக்கு இரண்டு பி.எஸ்.ஐ இழந்துகொண்டிருந்தது. ஒரு கடையில் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில ஒண்டுமில்ல சேர்" என்று தம்பி திருப்பித் தந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த நேரத்துக்குள் தெரிவதற்கு அதில் எதுவும் இருக்கவில்லை.

கணக்கிட்டுப் பாருங்கள். சிறிய கார் ஒன்றின் டயருக்குள் சுமார் 25 லீற்றர் கொள்ளளவு உண்டு என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்கு இரண்டு பி.எஸ்.ஐ குறைகிறது என்றால் வெளியே வரும் காற்று ஒரு கிழமைக்கு ஏறத்தாழ 3.4 லீற்றர். ஒரு கிழமையில் 10,080 நிமிடங்கள். அதாவது நிமிடத்துக்கு ஒரு கன சென்ரிமீற்றரின் மூன்றில் ஒரு பங்கு. அதுவும் ரிம்மின் விளிம்பு நெடுகப் பிரிந்து வெளியேறினால் தொட்டியில் பெரிய குமிழி எங்கிருந்து வரும்? நாட்கணக்கில் நடப்பதை ஒரு நிமிடத்தில் பார்க்க முடியாது. அதனால்தான் வீட்டில் அளந்த கணக்கோடு கடைக்குப் போக வேண்டும்.

நான்கு இடங்கள், ஓர் ஒழுங்கு

தேவையானது, பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றிய ஒரு ஸ்ப்ரே போத்தல் மட்டுமே. டயரை உரிய அளவுக்கு நிரப்பிவிட்டு, இலகுவான இடத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலாவது, வால்வின் வாய். மூடியைக் கழற்றி ஒரு துளி சவர்க்கார நீர் விடுங்கள். குமிழி எழுந்தால் உள்ளே இருக்கும் சிறிய வால்வு ஊசி தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. அதை இறுக்கவும் மாற்றவும் டயரைக் கழற்றத் தேவையில்லை. செலவு மிகக் குறைந்த பழுது இதுதான். அதனால்தான் இதை முதலில் பார்க்கிறோம்.

இரண்டாவது, வால்வின் தண்டு. இறப்பர்த் தண்டை மெதுவாக அங்குமிங்கும் வளைத்துக்கொண்டு அடிப்பாகத்தில் நீர் தெளியுங்கள். நேராக நிற்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு, வளைக்கும்போது திறந்து நுரைக்கும். டயர் மாற்றும்போதெல்லாம் வால்வையும் மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது, தரையில் படும் பகுதி. நிற்கும் வாகனத்தில் டயரின் ஒரு பகுதி தரைக்கு அடியில் மறைந்திருக்கும். ஆகவே ஒரு தடவை தெளித்துப் பார்த்த பின் வாகனத்தை அரைச் சுற்று நகர்த்தி மீண்டும் தெளியுங்கள். ஆணி தைத்த இடம் தரையில் அழுந்தி நிற்கும் நாளில் கசிவு குறைந்தும், மேலே நிற்கும் நாளில் கூடியும் காணப்படலாம். "ஒரு நாள் இறங்குது, ஒரு நாள் இறங்கல்ல" என்ற குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஆணியைக் கண்டால் வீட்டில் பிடுங்க வேண்டாம். பல வேளைகளில் துளையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்த ஆணிதான்.

நான்காவது, டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு. வெளிப்பக்கம், உட்பக்கம் இரண்டையும் பார்க்க வேண்டும். உட்பக்கத்துக்குச் சக்கரத்தைக் கழற்றுவதே நல்லது. சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து ஜேக் அடியுங்கள்; ஜேக்கில் நிற்கும் வாகனத்துக்கு அடியில் உடலை நுழைக்க வேண்டாம். கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்து விளிம்பு முழுவதும் நீர் தெளித்து, பத்து நிமிடம் பொறுத்திருங்கள். பெரிய குமிழியை எதிர்பார்க்க வேண்டாம். வெள்ளை நிறத்தில் நுண்ணிய நுரை, ரவை கொட்டியது போல ஓரிடத்தில் மெல்லச் சேரும். அதுதான் அடையாளம். சோக்கினால் குறித்து வையுங்கள்.

எனது காரில் பழுது இருந்தது இந்த நான்காவது இடத்தில். அலுமினிய ரிம்மின் உள்விளிம்பில் உப்பும் ஈரமும் சேர்ந்து வெள்ளைப் பொடியாக அரித்திருந்தது. இரும்பு ரிம் என்றால் அதே இடத்தில் கறள் பிடித்திருக்கும். கடற்காற்று வீசும் நமது கரையோர ஊர்களில் இது சாதாரணம். குழிக்குள் விழுந்து நெளிந்த ரிம்மும், வெடித்த ரிம்மும் இதே போலக் காட்டும். நெளிவு பெரும்பாலும் உட்பக்கத்தில் இருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

கடையில் என்ன கேட்பது?

குறித்த இடத்தைக் காட்டி, அளந்த கணக்கைச் சொல்லுங்கள். விளிம்புக் கசிவு என்றால் டயரை முழுமையாகக் கழற்றி, ரிம்மின் விளிம்பைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, அதற்குரிய பூச்சைப் பூசி மீண்டும் மாட்ட வேண்டும். ஆணித் துளை என்றால் வெளியிலிருந்து திணிக்கும் இறப்பர் திரி அவசரத்துக்கு மட்டுமே. உள்ளிருந்து துளையையும் அடைத்து மேலே ஒட்டும் போடுவதே முறையான திருத்தம். ஆறு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துளையையும், பக்கச்சுவரிலோ தோள்ப்பகுதியிலோ உள்ள துளையையும் ஒட்டக்கூடாது. அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும்.

டயர் கழன்ற நேரத்தில் அதன் உட்புறத்தையும் பாருங்கள். கறுப்புத் தூள் கொட்டியிருந்தால் அது காற்றுக் குறைந்த நிலையில் ஓடி உள்ளே அரைபட்ட டயர். துளையை அடைத்தாலும் அது பாதுகாப்பானதல்ல. பக்கச்சுவரில் கடைசியாக வரும் நான்கு இலக்கங்களையும் வாசியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் தயாரித்தது. வெடிப்பு விழுந்த பழைய டயருக்குப் பணம் செலவழித்து ஒட்டுப் போடுவதில் பயனில்லை.

டியூப் இல்லாத டயருக்குள் டியூப் போட்டுவிடலாம் என்ற ஆலோசனையும், உள்ளே திரவம் ஊற்றும் ஆலோசனையும் நம்மிடையே தாராளமாகக் கிடைக்கின்றன. இரண்டும் பழுதை மறைப்பவை. நெளிந்த ரிம் நெளிந்தபடியே இருக்கும். ஆணி குத்தினால் டியூப் சட்டென்று காற்றை இழக்கும். டியூப் இல்லாத டயரோ பெரும்பாலும் மெதுவாக இறங்கி நமக்கு அவகாசம் தரும். அந்த அவகாசத்தை ஏன் நாமே இல்லாமல் செய்ய வேண்டும்?

திருத்திய பின்னர் மீண்டும் ஒரு கிழமை அளந்து பாருங்கள். மற்ற மூன்றோடு இதுவும் சமமாக நின்றால்தான் வேலை முடிந்தது. கடைக்காரர் சொன்னதனால் முடிந்துவிடாது. அப்படியே டிக்கியில் கிடக்கும் மாற்றுச் சக்கரத்தையும் அளந்துவிடுங்கள். தேவைப்படும் நாளில் அதுவும் காற்றில்லாமல் கிடப்பதுதான் வழமை.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளை ஏற்றும் வேன் சாரதியிடம் மாதக் கட்டணம் கொடுக்கும்போது, எந்த டயருக்கு அடிக்கடி காற்று அடிக்கிறார் என்றும் கேளுங்கள். சண்டைக்காக அல்ல. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. வருமானம் ஒரு நாள் நின்றால் கஷ்டம் என்பதால்தான் தள்ளிப்போடுகிறார். வால்வு ஊசி மாற்றும் கூலியை நான்கு பெற்றோர் சேர்ந்து கொடுத்தாலும் நட்டமில்லை. அடுத்த கிழமை மீண்டும் காற்று அடிப்பதற்குள் அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.