இரைப்பைக்கு மேல்மாடியில் இதயம்

நெஞ்சைப் பிசைகிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால், சென்னைப் புறநகரில் சிட்லபாக்கமானாலும் சேலையூரானாலும் முதலில் நீட்டப்படுவது சோடாவோ ஓமத் தண்ணீரோதான். “வாயுவா இருக்கும், இடப்பக்கம் வலிக்கலையே” என்ற ஆறுதலும் கூடவே வரும். இதயம் எங்கே இருக்கிறது என்பதைத் தவறாக அறிந்ததன் விளைவு அது. இதயம் மார்பின் நடுவில், இரு நுரையீரல்களுக்கு இடையில், முனை மட்டும் இடப்பக்கம் சாய்ந்தபடி இருக்கிறது. அதன் கீழ்ப்பரப்பு உதரவிதானம் என்ற தசைத்திரையின் மேல் படிந்திருக்கிறது. திரைக்குக் கீழே இரைப்பை. இரண்டிலிருந்தும் கிளம்பும் வலியுணர்வு தண்டுவடத்துக்குள் நுழையும் இடங்களும் அடுத்தடுத்தே இருப்பதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளையே தடுமாறுகிறது. அதனால்தான் மாரடைப்பு சிலருக்கு மேல்வயிற்று வலியாகவும் குமட்டலாகவும், சிலருக்கு இடது கையிலோ தாடையிலோ வலியாகவும் வெளிப்படுகிறது.

சுமார் 300 கிராம் எடையுள்ள இந்தத் தசைப்பை ஓய்வு நேரத்தில்கூட நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. நான்கு அறைகளிலும் இரத்தம் நிறைந்திருந்தும், தடித்த சுவர்த்தசையால் அதிலிருந்து நேரடியாகப் பசியாற முடியாது. பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே பிரியும் இரண்டு கரோனரி தமனிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. அவற்றின் உட்குழாய் அகலம் சில மில்லிமீட்டர்தான். அதில் ஓர் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், அரை மணி நேரத்துக்குள்ளேயே தசை சாகத் தொடங்கிவிடும். செத்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும்; புதுத் தசை வளராது.

ஒவ்வொரு நெஞ்செரிச்சலுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, நெஞ்சுவலிகளில் பல இதயத்தால் வருவதில்லைதான். ஆனால் எது வாயு, எது மாரடைப்பு என்பதை அனுபவமுள்ள மருத்துவர்கூட ஈ.சி.ஜி. பார்க்காமல் சொல்வதில்லை; தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கோ வலியே இல்லாமல், வெறும் வியர்வையும் மூச்சுத்திணறலுமாக மாரடைப்பு வரலாம். உடற்கூறு என்பது மருத்துவர் படிக்க வேண்டியது, நமக்கெதற்கு என்பவர்களும் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதா, விடியட்டும் என்று படுப்பதா என்ற முதல் முடிவை எடுப்பவர் மருத்துவரல்ல, வீட்டில் இருப்பவர். வழியும் தூரமில்லை. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். பக்கத்தில் குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனையும் இருக்கிறது. நெஞ்சின் நடுவிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம் வந்து, வியர்த்துக் கொட்டினால் சோடாவைத் தேடாதீர்கள். நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள்.